ஈர்வாள் முதல் பட்டை ரம்பம் வரை

தடித்த பலகை ஒன்றை அதன் கனத்தில் பிளந்து இரண்டு மெல்லிய பலகைகளாக்குவது எளிய செயலெனத் தோன்றும். நீளத்தைக் குறைக்க எவரும் அறுப்பர். அகலத்தைக் குறைக்கவும் அறுப்பர். கனத்தைக் குறைக்க அறுப்பதே கடினம். அரை முழ அகலமுள்ள பலகையைக் குத்தாக நிறுத்தி, அதன் கனத்தின் நடுவே, ஒரு முனை தொடங்கி மறு முனை வரை, நூல் பிடித்தாற்போல் வாள் செல்லவேண்டும். நேராகச் சென்றால் ஒரு பலகை இரண்டாகும். கோணினால் இரண்டும் விறகாகும். இச்சிறு காரியத்தை மனிதன் எவ்வாறு கற்றான், கற்கும்பொழுது எதை விலையாகக் கொடுத்தான் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆண்டுதோறும் நம் மலரில் கோயில்களைப் பற்றியும் புலவர்களைப் பற்றியும் அன்பர்கள் எழுதி வருகின்றனர். இடையே தச்சுக்கூடத்துக்கும் சில பக்கங்கள் ஒதுக்குவது தகாததன்று என்று கருதுகிறோம்.

நம் மொழியில் 'வாள்' என்பது போர்க்களத்துக்கும் தச்சுக்கூடத்துக்கும் பொதுவான சொல். தச்சனுடைய வாளை வேறுபடுத்திக் காட்ட 'ஈர்வாள்' என்றனர் முன்னோர். ஈர்தல் என்றால் அறுத்துப் பிளத்தல். 'ரம்பம்' என்னும் சொல் பெருவழக்கான பின்னரும், மதுரைப் பக்கத்தில் மரம் அறுக்கும் ஆலையை 'வாள்பட்டறை' என்றே மக்கள் அழைக்கின்றனர். கடற்சங்கை வாளரத்தால் மெல்லிய வளைகளாக அறுத்த தொழிலைச் சங்கப் புலவர் பலர் குறிப்பிட்டிருக்கின்றனர். கடினமான பொருளைச் சேதமின்றி மெல்லியதாக அறுப்பது நம் நாட்டார்க்குப் புதிதன்று.

வாள் வருமுன் ஆப்பு இருந்தது. மரத்தடியின் தலையில் ஆப்புகளை வரிசையாக அடித்தால், அது தன் நாரோட்டத்தில் தானே பிளந்து கொடுக்கும். அவ்வாறு பெற்ற பலகைக்கு வலிமை மிகுதி. நார் எங்கும் அறுபடுவதில்லை. ஆனால் மரம் தன் விருப்பப்படி பிளக்குமேயன்றித் தச்சன் விருப்பப்படி பிளக்காது. முறுக்கும் கணுவும் உள்ள மரத்திடம் ஆப்பின் வித்தை பலிப்பதில்லை. ஆகவே வாள் வேண்டியதாயிற்று.

எகிப்து நாட்டில் தீப்ஸ் நகரையொட்டி மெக்கெட்ரே என்னும் உயர் அதிகாரியின் கல்லறை உள்ளது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1920-ஆம் ஆண்டில் அதனுள் சிறு மரப்பொம்மைகளாலான பண்ணை, படகு, நெசவுக்கூடம் முதலிய மாதிரிகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று தச்சுக்கூடம். கெய்ரோ அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அதில் ஒரு பலகை தூணோடு சேர்த்துக் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒருவன் வாள் பிடித்து அதை நெடுக அறுக்கிறான். இப்பொம்மையின் படத்தை நாம் பலமுறை உற்று நோக்கியதுண்டு. அறுப்பவன் கை பலகையைப் பிடிக்கவில்லை. பலகையைப் பிடிப்பது தூணின் வேலை. கையின் வேலை வாளோடு முடிந்தது. பிற்காலத்தில் யந்திரம் வந்து இவ்வேலைப் பிரிவினையைத் தலைகீழாக்கிவிட்டது. வாளை யந்திரம் எடுத்துக்கொண்டது. பலகையைப் பிடித்துத் தள்ளும் பொறுப்பு கைக்கு வந்தது. மேலே நாம் கூறப்போகும் துன்பங்களெல்லாம் இம்மாற்றத்திலிருந்தே பிறந்தன.

பல நூற்றாண்டுகள் வரை உலகெங்கும் பலகை அறுத்தவர் இருவரே. குழியின்மேல், அல்லது உயரமான சாரத்தின்மேல், மரத்தடி கிடக்கும். ஒருவர் மேலே நின்று கோட்டைப் பார்த்து வாளை இழுப்பார். மற்றவர் கீழே நின்று இழுப்பார். கீழே நிற்பவருடைய கண்ணிலும் வாயிலும் தூள் கொட்டிக்கொண்டேயிருக்கும். நம் நாட்டிலும் கப்பல் கட்டும் துறைகளிலும் தேர் செய்யும் இடங்களிலும் அவ்வாறே அறுத்தனர். உழைப்பு கொடியது. ஆனால் இருவர் கைகளும் வாளின் பிடியிலேயே இருந்தமையால், விரல் போவது அரிது.

இவ்வுழைப்பை முதலில் காற்றிடம் ஒப்படைத்தவர் ஹாலந்து நாட்டு உய்ட்கீஸ்ட் ஊரினரான கார்னெலிஸ் கார்னெலிஸ்ஸோன் என்பார். காற்றாடியின் சுழற்சியை வளைதண்டு ஒன்றினால் மேலும் கீழுமான அசைவாக மாற்றி, சட்டத்தில் பூட்டிய வாள்களை இயக்கினார். 1593-இல் அதற்கு உரிமை பெற்றார். ஒரே சட்டத்தில் பல வாள்களைப் பூட்டினால் ஒரே ஓட்டத்தில் ஒரு மரத்தடி பல பலகைகளாகும். ஸான் ஆற்றங்கரையில் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. அங்கே அறுத்த பலகைகளே டச்சுக்காரரின் கப்பல்களாயின. அக்கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்த கதை அன்பர்கள் அறிந்ததே.

இங்கிலாந்தில் இக்கலை இவ்வளவு அமைதியாக நுழையவில்லை. சார்லஸ் டிங்லி என்னும் வணிகர் லண்டன் நகரின் லைம்ஹவுஸ் பகுதியில் காற்றால் இயங்கும் அறுவை ஆலை ஒன்றைக் கட்டினார். 1768-ஆம் ஆண்டு மே மாதத்தில் கைவாள் தொழிலாளர் திரண்டு சென்று அதனை உடைத்தனர். மறு ஆண்டே, ஆலைகளை அழிப்பதைக் கொடுங்குற்றமாக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உடைத்தவர்களை அறிவிலிகள் என்று எழுதிச் செல்வது எளிது. நமக்கு அவ்வாறு எழுத மனம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, குழிக்குள் நின்று தூள் தின்று பிழைத்தவர்கள் அவர்கள். அத்தொழிலும் போய்விடும் என்று அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியவாறே அது போயிற்று.

அடுத்து வந்தது வட்ட ரம்பம். சௌதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் 1777-இல் அதற்கு உரிமை பெற்றார். மேலும் கீழும் போய்வரும் வாள் பாதி நேரம் வெறுமனே திரும்புகிறது. வட்ட ரம்பமோ ஓயாமல் அறுக்கிறது. ஆயினும் பலகையை மெல்லியதாகப் பிளக்க அது பொருந்தவில்லை. அகலமான பலகையைப் பிளக்கப் பெரிய வட்டு வேண்டும். பெரிய வட்டு ஆடாமலிருக்கக் கனமான தகடு வேண்டும். கனமான தகடு மரத்தைத் தூளாக்கித் தின்னும். மார்க் புரூனல் என்னும் பொறியாளர் 1806-இல் இதற்கொரு வழி கண்டார். பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் மெல்லிய எஃகுத் துண்டுகளைப் பொருத்தி, விலையுயர்ந்த மரங்களைத் தாள்போல் சீவி எடுக்கும் ரம்பத்தை அமைத்து, லண்டன் பாட்டர்ஸீயில் ஆலை நடத்தினார். அவ்வாலை 1814-இல் எரிந்தது. 1821-இல் அவர் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். இரயில்வே அன்பர்களுக்கு இன்னொன்று கூறினால் மகிழ்வர்: கிரேட் வெஸ்டர்ன் இரயில் பாதையைச் சமைத்த இஸம்பார்ட் புரூனல் இவருடைய மகனே.

இனிப் பட்டை ரம்பத்துக்கு வருவோம். தொழிலாளர் இதனைப் 'பேண்ட்சா' என்பர். மேலொன்று கீழொன்றாக இரண்டு சக்கரங்கள். அவற்றைச் சுற்றித் தொடக்கமும் முடிவுமின்றி ஓடும் எஃகு நாடா. நாடாவின் ஒரு விளிம்பில் பற்கள். இடையில் ஒரு மேசை. கருத்து இவ்வளவே. லண்டன் நகரத்து வில்லியம் நியூபெரி என்பார் 1808-09ஆம் ஆண்டுகளிலேயே இதற்கு உரிமை பெற்றுவிட்டார். ஆனால் ரம்பம் ஓடவில்லை. நாடா அறுந்துகொண்டேயிருந்தது. நீண்ட எஃகுப் பட்டையின் இரு முனைகளையும் இணைத்துத்தான் வளையமாக்கவேண்டும், அவ்விணைப்பு தாங்கவில்லை. இணைப்பு தாங்கினால் எஃகு தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். சக்கரத்தின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்றும், நாடாவின் சுற்று நாலரை மீட்டர் என்றும் கொள்வோம். மரம் அறுக்கும் சாதாரண யந்திரத்தில் நாடா நொடிக்குச் சுமார் 15 மீட்டர் ஓடும். அஃதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். நம் பாசஞ்சர் வண்டி நல்ல நாளில் ஓடும் வேகம். நாடாவின் ஒவ்வோர் இடமும் நிமிடத்துக்கு 200 முறை சுற்றி வருகிறது. ஒரு சுற்றில் மேற்சக்கரத்தில் ஒருமுறையும் கீழ்ச்சக்கரத்தில் ஒருமுறையும் வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்கு 400 வளைவு. மணிக்கு 24,000 வளைவு. ஒரு கம்பியைக் கையால் பத்துமுறை வளைத்து நிமிர்த்தினால் அது என்னவாகும் என்பதை யாவரும் அறிவோம்.

இங்கே நம் இரயில்வே உலகம் குறுக்கிடுகிறது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸ் நகருக்குத் திரும்பிய புகைவண்டி மியூடான் அருகே கவிழ்ந்து தீப்பற்றியது. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களை ஆராய்ந்து திரும்பிய தூமோன் தூர்வீல் என்னும் கடலோடியும் குடும்பத்தோடு மாண்டார். எஞ்சினின் அச்சு முறிந்ததே காரணம். அதுவரை நன்றாக ஓடிய அச்சு, திடீரெனத் தாங்கும் சுமையிலேயே முறிந்தது ஏன்? ஸ்காத்லாந்து நாட்டு ரேங்கின் மறு ஆண்டே இதனை ஆராய்ந்து எழுதினார். பின்னர்ப் பிரஷ்ய இரயில்வேப் பொறியாளர் அவுகுஸ்ட் வேலர் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்து உண்மையை நிலைநாட்டினார். ஒருமுறை தாங்கும் சுமையை உலோகம் இலட்சம் முறை தாங்காது. சுழலும் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணிதாக வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று வளர்ந்து ஒருநாள் முறிக்கிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். அச்சுக்கு வந்த நோயும் ரம்ப நாடாவுக்கு வந்த நோயும் ஒன்றே.

மியூடான் விபத்து நிகழ்ந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1846-இல், அதே பிரான்ஸ் நாட்டில் அன் போலின் கிரெப்பேன் என்னும் மாது நாடாவின் முனைகளை உறுதியாக இணைக்கும் முறைக்கு உரிமை கோரினார். பின்னர் அதனைப் பாரிஸ் நகரத்துப் பெரேன் கம்பெனியாருக்கு விற்றார். அவர்கள் நல்ல எஃகையும் பதமிடும் முறையையும் அதனோடு சேர்த்து, உண்மையாகவே ஓடும் நாடாவைச் செய்தனர். நியூபெரியின் கருத்து உயிர் பெற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. கருத்தைச் சொன்ன ஆடவர் பெயரை நூல்கள் மறவாமல் கூறுகின்றன. அதை ஓடவைத்த பெண்ணின் பெயரைச் சில நூல்களே கூறுகின்றன.

நாடா சோர்ந்து அறாமலிருக்க அதன் கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாதென்று தொழிலறிந்தோர் வரையறுத்தனர். 600 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு 0.6 மில்லிமீட்டர் நாடா. இக்கட்டாயமே பெரும் வரமாயிற்று. மெல்லிய நாடா மரத்தை அற்பமாகவே தின்னும். 50 மில்லிமீட்டர் தேக்குப் பலகையை 6 மில்லிமீட்டர் பலகைகளாகப் பிளப்பதாகக் கொள்வோம். 3 மில்லிமீட்டர் தின்னும் வட்ட ரம்பத்தில் ஐந்து பலகைகள் கிடைக்கும். 1 மில்லிமீட்டர் தின்னும் பட்டை ரம்பத்தில் ஏழு கிடைக்கும். இழைப்புக்கு விடும் மிச்சத்தை இதில் சேர்க்கவில்லை. நாம் குமாஸ்தா ஆகையால் இக்கணக்கில் சற்று மகிழ்ச்சி கொள்கிறோம். ஆனால் தேக்கின் விலையறிந்த எவரும் மகிழ்வர்.

நம் நாட்டில் மர அறுவைக்கு யந்திரம் புகுத்தும் முயற்சி பழமையானதே. கோழிக்கோட்டையடுத்த பேய்ப்பூரில் 1797-லேயே ஓர் அறுவை ஆலை அமைக்கப்பட்டது, நிலைக்கவில்லை. அதே பேய்ப்பூருக்கு 1861-இல் சென்னை இரயில்வேயின் பாதை வந்து சேர்ந்தது. அதன் பின்னரும் பேய்ப்பூர்க் கரையில் உரு என்னும் மரக்கலங்களுக்குக் கைவாளே பலகை அறுத்தது. இரயில்வே வந்த பின்னர் நாட்டில் பலகையின் தேவை பெருகியது. 1856-இல் தொடங்கிய பெரம்பூர்ப் பணிமனை, 1915-இல் எழுந்த மாதுங்காப் பணிமனை, நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்குப் பெயர்ந்த பணிமனை முதலியவற்றில் தேக்குப் பெட்டிகள் உருவாயின, பழுது பார்க்கப்பட்டன. சுவர்ப்பலகை, கூரைப்பலகை, சாளர அடைப்பின் மெல்லிய தகடு யாவும் தடித்த பலகையைப் பிளந்தே பெறவேண்டியவை. 1955-இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை எஃகுப் பெட்டிகளை ஆக்கத் தொடங்கியது. மரப்பெட்டிகள் மெல்ல மறைந்தன. ஆயினும் மும்பை ரே ரோடு மரக்கிடங்குகளிலும், ஊர்தோறுமுள்ள வாள்பட்டறைகளிலும், மேசை நாற்காலி செய்யும் சிறு கூடங்களிலும் பட்டை ரம்பம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. நம் சங்கத்து அன்பர்களில் அதனருகே நின்று பிழைப்போர் உளர். இனி எழுதுவது அவர்கள்பொருட்டே.

வட்ட ரம்பத்தைக் கண்டு எவரும் அஞ்சுவர். அதன் பின்பக்கத்துப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. அறுத்த பிளவு மூடி வட்டைக் கவ்வினால், பற்கள் பலகையைத் தூக்கி அறுப்பவர்மேல் எறியும். பிளவு மூடாமலிருக்க வட்டின் பின்னே ஒரு கத்தித்தகடு நிறுத்தும் வழக்கம் அதனாலேயே வந்தது. பட்டை ரம்பம் அவ்வாறு எறிவதில்லை. நாடா எப்பொழுதும் கீழ்நோக்கியே ஓடுகிறது. பலகையை மேசையோடு சேர்த்து அழுத்துகிறது. ஆகவே இது சாது என்று பெயர் பெற்றது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பர். இச்சாது மிரள்வதேயில்லை; ஓசையின்றி விரலை வாங்கிக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனையிலிருந்து நம் மேசைக்கு விபத்துத் தாள் ஒன்று வந்தது. ஆறடித் தேக்குப் பலகையைக் கனத்தில் பிளக்கும்பொழுது, கடைசி நான்கு அங்குலத்தில், தச்சர் ஒருவருடைய வலக்கைச் சுட்டுவிரல் முழுவதும் போயிற்று. 'காரணம்' என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. அவரோடு பணிபுரிந்த மூத்த தச்சர் ஒருவரை நாம் பின்னர்ச் சந்தித்தோம். அவர் கூறியது இது: முந்தைய வேலைக்காக உயர்த்திய காப்புத்தகடு அப்படியே உயரத்தில் நின்றது, நாடா மழுங்கியிருந்தது, தள்ளுகோல் அங்கே இல்லை. மழுங்கிய நாடாவுக்கு மரத்தை வலிந்து தள்ளவேண்டும். வலிந்து தள்ளும்பொழுது பலகை தீர்ந்தால், தள்ளிய வலிமை முழுவதும் கையை முன்னே கொண்டுபோகும். மனிதன் கவனித்துக்கொண்டுதான் இருந்தான் என்றார் அவர். கவனம் நிறுத்துமுன் கை சென்றுவிட்டது. தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்நாட்டில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டமே யந்திரங்களுக்கு வேலியிடுவது பற்றிப் பேசியது. பிரிட்டனில் 1922-இல் மரவேலை யந்திரங்களுக்கென்றே தனி விதிகள் பிறந்தன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 21-ஆம் பிரிவில் ஆபத்தான பகுதிகளை உறுதியாக அடைக்குமாறும், 22-ஆம் பிரிவில் ஓடும் யந்திரத்தைத் தொடுவோர் பயிற்சி பெற்று இறுக்கமான உடை அணிந்திருக்குமாறும் விதித்தது. அச்சட்டத்தையும் உள்ளடக்கிய புதிய தொகுப்புச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்டது. 1923-இல் தோன்றிய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துக்கோ ஓர் அட்டவணை உண்டு. பின்னாளில் திருத்தப்பட்ட அவ்வட்டவணையின்படி கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 இழப்பு, சுட்டுவிரல் முழுவதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சிறுவிரலுக்கும் 7, ஒரு கையின் நான்கு விரல்களுக்கும் சேர்த்து 50. இவ்வட்டவணையைப் பார்த்துக் கூட்டல் போடும்பொழுது எண்கள் சரியாகவே வரும். இழைப்புளியின் முனையைச் சுட்டுவிரலால் தடவிப் பதம் பார்க்கும் தச்சருக்கு அப்பதினான்கு எவ்வளவு என்பது எந்த அட்டவணையிலும் அடங்காது.

அம்மூத்த தச்சர் பலகை பிளக்கும் முறையை நாம் அருகிருந்து பார்த்திருக்கிறோம். முதலில் பலகையின் ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் இழைத்துச் சமனாக்குவார். முகம் சமனில்லாவிடில் பலகை நடுவழியில் ஆடும். ஆடினால் நாடா முறுகும். பழைய மரமாயின் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நாடாவை மாற்றுவார். வளைவு அறுக்கும் குறுகிய நாடா இதற்கு உதவாது. முக்கால் அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு மூன்று பல் உள்ளதையே எடுப்பார். பல் நெருக்கமாயிருந்தால் நன்றாக அறுக்குமென்று புதியவர் எண்ணுவர். உண்மை வேறு. அகலமான பலகைக்குள் செல்லும் ஒவ்வொரு பல்லும் தான் எடுத்த தூளை வெளியே வரும்வரை சுமக்கவேண்டும். பற்களுக்கிடையே இடமில்லாவிடில் தூள் அடைத்து, நாடா சூடேறி, வழி தவறும்.

அடுத்து, பலகை சாய்ந்து செல்ல மேசைமேல் அணைசட்டம் ஒன்றை நிறுத்துவார். பலகையின் உயரத்துக்கு ஏறத்தாழ ஒத்த உயரம் அதற்கு வேண்டும். அதனை யந்திரத்தின் விளிம்புக்கு இணையாக வைத்தால் போதுமென்று எண்ணற்க. ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு பக்கமாக ஓடும் குணம் உண்டு. அவர் ஒரு கழிவுப் பலகையில் நேர்க்கோடு இட்டு, கையாலேயே அக்கோட்டின்மேல் பாதிவரை அறுப்பார்; யந்திரத்தை நிறுத்தி, பலகை அப்பொழுது எக்கோணத்தில் நிற்கிறதோ அக்கோணத்திலேயே அணைசட்டத்தைப் பூட்டுவார். நாடாவோடு சண்டையிடாமல் அதன் போக்கிலேயே போய் நேரான வெட்டைப் பெறும் இவ்வுபாயம் நமக்கு மிகவும் பிடித்தது.

காப்புத்தகட்டைப் பலகையின் தலைக்குமேல் கால் அங்குலம் மட்டும் விட்டு இறக்குவார். பலகை மாறுந்தோறும் இது மாறும், மறக்கலாகாதது இதுவே. பலகையை அணைசட்டத்தோடு அழுத்திப் பிடிக்கச் சீப்புபோல் பிளந்த ஒரு பலகைத்துண்டை மேசையில் இறுக்குவார். அது பற்களுக்கு முன்னதாகவே நிற்கவேண்டும். பற்களுக்கு நேராகவோ பின்னாலோ நின்றால் பிளவை மூடி நாடாவைக் கவ்வும். எகிப்தியன் தூணுக்கு விட்ட வேலையை அவர் இச்சீப்புக்கு விடுகிறார். கையுறை அணியார், தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் கூடா. நாடா அறுந்தால் வெளிப்பக்கமாகப் பாயக்கூடும். ஆகவே அப்பக்கத்தில் ஒருவரையும் நிற்க விடார், தாமும் நில்லார்.

ஓட்டத்தில் அவர் கை அவசரப்படுவதில்லை. ஒலியைக் கேட்டுக்கொண்டே தள்ளுவார். 'டிக், டிக்' என்று ஒரே தாளத்தில் ஒலி எழுந்தால் உடனே நிறுத்துவார். நாடாவில் கீறல் விழுந்து, அவ்விடம் ஒவ்வொரு சுற்றிலும் தட்டிச் செல்கிறது என்று பொருள். வேலர் ஆண்டுக்கணக்கில் தேடிய கீறலை இவர் காதால் அறிகிறார். வெட்டு கோணிவிட்டால் ஓடும் நாடாவிலிருந்து பலகையைப் பின்னுக்கு இழுக்கமாட்டார். இழுத்தால் நாடா சக்கரத்தை விட்டுக் கழன்று வரும். விசையை அணைத்து, சக்கரம் முற்றும் நிற்கும்வரை காத்திருப்பார். விசை அணைந்த பின்னும் சக்கரம் நெடுநேரம் சுழலும். ஓசை அடங்கியதை ஓட்டம் அடங்கியதாகக் கொண்டு கை நீட்டியவர் பலர்.

கடைசி ஆறு அங்குலம் வந்ததும் இரு கைகளும் பலகையை விட்டு விலகும். தள்ளுகோல் ஒன்று பின்னின்று தள்ளும். மற்றொன்று பக்கத்தில் அணைக்கும். பலகை நீளமாயின் உதவியாள் அப்பக்கம் நின்று தாங்குவார், ஆனால் இழுக்கமாட்டார். இழுப்பவர் வேகமும் தள்ளுபவர் வேகமும் ஒத்துப்போவது அரிது.

பிளந்து முடிந்ததும் நாடாவின் இழுவிசையைத் தளர்த்திவிட்டே அவர் யந்திரத்தை விட்டு நகர்வார். பிளந்த இரு பலகைகளையும் ஏட்டை விரித்தாற்போல் அருகருகே வைத்தால் ஒரு பக்கத்து ரேகை மறுபக்கத்தில் கண்ணாடி நிழலாகத் தெரியும். அலமாரிக் கதவுகளுக்கு அவ்விணையைப் பிரியாமல் எண்ணிட்டு வைப்பார். ஆனால் உடனே இழைக்கமாட்டார். தடித்த பலகையின் உள்ளே இருந்த ஈரமும் இறுக்கமும் இப்பொழுதுதான் வெளிக்காற்றைக் காண்கின்றன. சில பலகைகள் ஒரே இரவில் ஓடுபோல் வளைந்துவிடும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள சிறு சட்டங்களைச் செருகி, இருபுறமும் காற்றோடுமாறு அடுக்கி, மேலே பாரம் ஏற்றி வைப்பார். இரண்டு வாரம் கழித்து, வளையாமல் நின்றவற்றை மட்டும் எடுத்து இழைப்புளி வைப்பார்.